நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம்... மறு ஆய்வைக் கேட்டு வாங்குங்கள்!

"ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. நாலு நாள் கழிச்சு இந்தத் தாள் வந்திருக்கு. சீல் வெச்சிடுவாங்களா சார்?"

செக்கு எண்ணெய், மாவு, மசாலாப் பொடி, தின்பண்டம், பால் பொருள் என்று சிறிய அளவில் உணவுத் தொழில் நடத்தும் கிராமத்துக் குடும்பங்களில், உணவுப் பாதுகாப்புத் துறையின் நோட்டீஸ் வந்ததும் எழும் முதல் கேள்வி இதுதான். மக்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் தவிர, எடுத்த எடுப்பில் யாரும் பூட்டுப் போட மாட்டார்கள். ஆனால், அந்தத் தாளில் குறித்திருக்கும் கெடு தேதி தாண்டிவிட்டால் கதை வேறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பலர் குறைகளை ஒழுங்காகச் சரிசெய்துவிடுகிறார்கள். சரிசெய்ததை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, 'மறுபடி வந்து பாருங்கள்' என்று கேட்க மட்டும் மறந்துவிடுகிறார்கள். செலவு செய்தும் பலன் இல்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

வெள்ளானூரில் ஒரு செக்கு

ஆவடியை அடுத்த வெள்ளானூர், திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னையின் ஓரத்தில் இருக்கும் ஊர். வயலுக்குப் பக்கத்திலேயே மனைப்பிரிவுக் கல் நிற்கும் பகுதி இது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை, கல்லூரிகள், விடுதிகள், புதுக் குடியிருப்புகள் என்று சுற்றிலும் வாங்கும் கைகள் பெருகிவிட்டன. இப்படிப்பட்ட ஊர்களில் நிலம் சுருங்கினாலும், விளைபொருளை மதிப்புக் கூட்டி விற்றால் குடும்பம் நிமிரும். அதனால்தான் நகரத்தை ஒட்டிய கிராமங்களில் மரச்செக்கு, இட்லி மாவு, சத்துமாவு, முறுக்கு, ஊறுகாய் என்று வீட்டோடு சேர்ந்த தொழில்கள் முளைக்கின்றன.

புரிந்துகொள்வதற்காக, இந்தப் பகுதியில் மரச்செக்கு நடத்தும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அப்பா நிலக்கடலை பயிரிடுகிறார். மகன் செக்கைப் பார்த்துக்கொள்கிறான். மருமகள் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுகிறாள். தீபாவளிக்கு எண்ணெய் ஆர்டர் பிடித்தாயிற்று. புரட்டாசியில் ஆய்வு நடக்கிறது. நோட்டீஸில் ஆறு குறைகள். கெடு 14 நாள்.

அந்த ஆறு குறைகள் இவை:

1. நிலக்கடலை மூட்டைகள் வெறும் தரையில், சுவரை ஒட்டி அடுக்கப்பட்டுள்ளன.
2. அதே கொட்டகையில் பூச்சிக்கொல்லி பாட்டில்களும் கைத்தெளிப்பானும் இருக்கின்றன.
3. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லை.
4. வேலை செய்பவர்களுக்கு மருத்துவச் சான்று இல்லை.
5. வடிகால் திறந்து கிடக்கிறது. எலி நடமாட்டத்துக்கான தடயம் உள்ளது.
6. பொடிப் பாக்கெட்டில் தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் இல்லை.

இதில் எதுவும் தீராத குறை இல்லை. ஆனால், தாளை அலமாரியில் வைத்துவிட்டு 'பார்த்துக்கலாம்' என்று இருந்தால் தீபாவளி ஆர்டர் கைவிட்டுப் போகும்.

யாருக்கு உரிமம், யாருக்கு வேண்டாம்?

முதலில் அடிப்படை. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்தது 1954-ம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம்.

புதுச் சட்டத்தின் 18-வது பிரிவு, விவசாயிக்கும் விவசாயப் பணிகளுக்கும் பண்ணை அளவிலான விளைபொருளுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. விளைந்த நிலக்கடலையை மூட்டையாக விற்றால் உரிமம் தேவையில்லை. அதே கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கத் தொடங்கினால், அது உணவுத் தொழில். பதிவோ உரிமமோ கட்டாயம்.

2011-ம் ஆண்டு ஒழுங்குமுறையில், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பதிவுச் சான்று போதும் என்றும், அதற்கு மேல் போனால் உரிமம் என்றும் வகுத்தார்கள். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்த வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை. விண்ணப்பிக்கும் நாளில் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் நடப்பு வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்று வைத்திருப்பவர்களின் இடத்தையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்பது அதே ஒழுங்குமுறையின் விதி. ஆகவே ஆய்வு என்றதும், யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பூந்தமல்லி சொன்ன பாடம்

'எலியும் வடிகாலும் ஒரு குறையா?' என்று சலித்துக்கொள்பவர்கள், வெள்ளானூரிலிருந்து அதிக தூரம் இல்லாத பூந்தமல்லிப் பக்கம் 2021 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளுக்கு என்ன ஆனதோ என்ற பதற்றத்தில் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் அந்த விடுதியின் சமையல்கூடத்துக்குப் போனபோது கண்டது எலிகளையும் மோசமான வடிகாலையும்தான். சமையல்கூடம் அங்கேயே மூடப்பட்டது. டிசம்பர் 18-ல் நின்ற ஆலை, 2022 ஜனவரி 12-ல்தான் மீண்டும் திறந்தது. உலகம் முழுக்கப் போகும் கைபேசியைத் தயாரிக்கும் ஆலையை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தியதன் தொடக்கம், ஒரு சமையல்கூடம்.

சின்னச் செக்கின் நோட்டீஸில் எழுதியிருக்கும் ஐந்தாவது குறையும் இதே எலி, இதே வடிகால். ஆய்வாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது.

நோட்டீஸில் என்ன இருக்க வேண்டும்?

சட்டத்தின் 32-வது பிரிவு, மேம்பாட்டு நோட்டீஸ் பற்றிப் பேசுகிறது. இதைக் கொடுக்கும் அதிகாரம் மாவட்ட நியமன அலுவலருக்கு உண்டு. ஆய்வுக்கு வருபவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேல் மாவட்ட அளவில் இருப்பவர் நியமன அலுவலர். நோட்டீஸில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்.

எந்த அடிப்படையில் விதி மீறப்பட்டதாகக் கருதுகிறார்கள், மீறல் எது, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும். அந்தக் கெடு 14 நாளுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இங்கிலாந்தின் 1990-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே பெயரில், இதே 14 நாள் கணக்கில் நோட்டீஸ் உண்டு. திருத்திக்கொள்ள முதலில் வாய்ப்புக் கொடு, திருந்தாவிட்டால் நடவடிக்கை எடு என்பதுதான் இதன் அடிப்படை.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அது கிடைத்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுவது. அடுத்து, காலண்டரில் கெடு முடியும் நாளைச் சிவப்பில் சுழித்துவைப்பது. நகல் எடுத்து ஒன்றைச் செக்குக் கொட்டகையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்வது.

14 நாளை எப்படிப் பிரிப்பது?

குறைகளை வரிசைப்படி சரிசெய்யத் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். எது தாமதமாகுமோ அதை முதலில் தொடங்க வேண்டும். நாற்று விடுவதற்கு முன்பே உழவுக்கு ஆள் சொல்லிவைப்பதைப் போலத்தான் இதுவும்.

முதல் இரண்டு நாள்: தண்ணீர் மாதிரி கொடுத்துவிட வேண்டும். கிருமிப் பரிசோதனை முடிவு வரச் சில நாட்கள் ஆகும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ கொடுக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டிலில், அவர்கள் சொல்லும் முறையில் பிடித்து, அன்றைக்கே சேர்க்க வேண்டும். குடிநீருக்கான ஐ.எஸ்.10500 தரத்தின்படி, 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாதிரி எடுப்பதற்கு முன்பு மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்து, மருந்து வாடை போகும் வரை அலசிவிட வேண்டும்.

அதே நாட்களில் மருத்துவச் சான்றுக்கும் போய்விட வேண்டும். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தோல், கண், தொற்றுநோய் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டைபாய்டு போன்ற குடல் சார்ந்த நோய்களுக்கான தடுப்பூசி விவரமும் சான்றில் இருக்க வேண்டும். 'எங்க வீட்டு ஆளுங்கதானே' என்று மகனையும் மருமகளையும் விட்டுவிடக் கூடாது. எண்ணெயைத் தொடுபவர் எல்லோரும் இதில் அடக்கம்.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: கட்டட வேலை. வடிகாலுக்கு மூடி, வெளிப்புற முனையில் கம்பி வலை. ஜன்னலுக்குப் பூச்சி நுழையாத வலை. கதவின் அடியில் எலி புகும் இடைவெளி இருந்தால் தகடு அடிப்பது. செக்குக்கு மேலே தொங்கும் பல்புக்கு உடையாத மூடி. தரையில் விரிசல் இருந்தால் பூச்சு. எலிக்கு மருந்து வைப்பதை விடப் பொறி வைப்பதே உணவுக் கொட்டகைக்கு நல்லது. மருந்து தின்ற எலி, மூட்டைக்கு அடியில் போய்ச் செத்துக் கிடக்கும்.

எட்டாம் நாள், ஒன்பதாம் நாள்: பொருட்களை ஒழுங்குபடுத்துவது. மூட்டைகளைப் பலகைக் கட்டின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால், பின்னால் கூட்டவும் எலி இருக்கிறதா என்று பார்க்கவும் இடம் கிடைக்கும்.

விவசாயிகள் அதிகம் கவனிக்க வேண்டியது இரண்டாவது குறை. தோட்டத்துச் சாமானையும் சமையல் சாமானையும் ஒரே கொட்டகையில் வைப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, தெளிப்பான், காலி டப்பா எதுவும் உணவுத் தயாரிப்பு இடத்தில் இருக்கவே கூடாது. வேறு அறையில், பூட்டுக்குள் போக வேண்டும். யூரியா சாக்கைக் கழுவிக் கடலை கட்டுவது, மருந்து வந்த பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடிப்பது இரண்டும் அறவே கூடாது.

கடலையின் தரத்தையும் இந்த நேரத்தில் பார்த்துவிடலாம். நிலக்கடலையை ஈரப்பதம் சுமார் 8 சதவிகிதத்துக்கு வரும் வரை உலர்த்த வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். சரியாகக் காயாத கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் படர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுத்தான் செக்கில் போட வேண்டும். ஒதுக்கியதை ஆடு மாடுகளுக்கும் போடக் கூடாது.

பத்தாம் நாள்: லேபிள். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, தொகுதி எண், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், 14 இலக்கப் பதிவு எண், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி ஆகியவை வேண்டும். பழைய பாக்கெட்டுகளைத் தீரும் வரை ஓட்டலாம் என்று நினைக்காமல், லேபிள் சரியாகும் வரை விற்பனையை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு.

பதினொன்றாம் நாள்: கடிதம். இதற்குள் தண்ணீர் அறிக்கையும் மருத்துவச் சான்றும் கைக்கு வந்திருக்கும். வராவிட்டாலும் கடிதம் போக வேண்டும். மாதிரி கொடுத்த ரசீதை இணைத்து, 'அறிக்கை வந்ததும் சமர்ப்பிக்கிறேன்' என்று எழுதலாம். மிச்சமிருக்கும் மூன்று நாள், ஏதாவது தவறிப்போனால் சரிசெய்வதற்கு.

மறு ஆய்வு கேட்கும் கடிதம்

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரியில் எழுதினால் போதும்.

பெறுநர்: நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை, திருவள்ளூர் மாவட்டம்.
பொருள்: மேம்பாட்டு நோட்டீஸில் கண்ட குறைகள் சரிசெய்யப்பட்டது - மறு ஆய்வு கோருதல்.
பார்வை: தங்கள் நோட்டீஸ் எண் ......, நாள் ......

ஐயா / அம்மையீர், ...... என்ற முகவரியில், பதிவு எண் ...... கொண்டு நான் எண்ணெய்ச் செக்கு நடத்திவருகிறேன். பார்வையில் கண்ட நோட்டீஸ் எனக்கு ...... அன்று கிடைத்தது. அதில் குறிப்பிட்ட குறைகளை இத்துடன் இணைத்துள்ள பட்டியலின்படி சரிசெய்துவிட்டேன். அதற்கான புகைப்படங்கள், ரசீதுகள், அறிக்கைகள் இணைக்கப்பட்டுள்ளன. எனது இடத்தை மறு ஆய்வு செய்து, குறைகள் நீங்கியதற்கான சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலில் ஒரு பக்கம் நோட்டீஸில் உள்ள குறை, அதற்கு எதிரே செய்த வேலை, முடித்த தேதி, ஆதாரம் என்று வரிசை எண் மாறாமல் எழுத வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது, வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று ஒரே கோணத்தில் எடுத்தால் பார்ப்பவருக்கு எளிதில் புரியும்.

கடிதத்தின் கடைசி வரியில் சான்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நோட்டீஸை எதிர்த்து மேல்முறையீடு செய்வதைப் போலவே, முன்னேற்றம் ஏற்பட்டதற்கான சான்றைத் தர மறுப்பதை எதிர்த்தும் மேல்முறையீடு செய்யலாம் என்று 32-வது பிரிவே சொல்கிறது. கேட்டால்தானே மறுத்தார்களா, கொடுத்தார்களா என்ற பேச்சே வரும். கேட்காதவருக்கு இரண்டும் இல்லை.

கடிதத்தை இரண்டு நகலாக எடுத்துக்கொண்டு நேரில் போய், ஒரு நகலில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிவர வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பலாம். 'போன்ல சொல்லிட்டேன்' என்பது ஆதாரம் ஆகாது.

மறு ஆய்வு நாளில்...

ஆய்வு செய்பவர் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். பொதுவான உணவுத் தயாரிப்புக்கான பட்டியலுக்கு மொத்தம் 114 மதிப்பெண். ஒவ்வொரு கேள்விக்கும் நிறைவு, பகுதி நிறைவு, குறை என்று குறிப்பார்கள். சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி இருக்கும். உணவின் பாதுகாப்பை நேரடியாகப் பாதிப்பவை அவை. மற்றதில் எவ்வளவு வாங்கினாலும், நட்சத்திரக் கேள்வி ஒன்றில் தவறினாலும் மொத்தமும் தவறியதாகவே கணக்கு. பட்டியல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். அதைப் பதிவிறக்கி, ஆய்வுக்கு முதல் நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து சொந்தமாக மதிப்பெண் போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்றைக்குச் செக்கை நிறுத்தி, கழுவித் துடைத்து, ஆளில்லாமல் வைத்திருப்பது நல்லதல்ல. வழக்கம்போல வேலை நடக்கட்டும். தலைக்கு உறை, சுத்தமான உடை, வெட்டிய நகம், பக்கத்தில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இருக்கட்டும். பதிவுச் சான்றைச் சுவரில், கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். எல்லா ஆவணங்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். கேள்வி கேட்டால் வேலை செய்பவரே பதில் சொல்லட்டும். முடிந்ததும் ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க மறக்க வேண்டாம்.

மாதிரி எடுத்தால்?

ஆய்வின்போது எண்ணெயிலோ பொடியிலோ மாதிரி எடுக்கலாம். அதற்கு விற்பனை விலையை அலுவலர் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாதிரியை நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரின் பொறுப்பில். நான்காவது பாகத்தை, தொழில் நடத்துபவர் கேட்டால் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கோரிக்கையையும் அந்த இடத்திலேயே எழுத்தில் கொடுப்பது நல்லது. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக இருந்தால், அது கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

முறைப்படி மறுபரிசோதனை கேட்பதன் பலத்துக்கு 2015-ல் நடந்த மேகி நூடுல்ஸ் வழக்கு நல்ல சாட்சி. காரீயம் அதிகம் என்று விதித்த தடையை, அந்த ஆண்டு ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. அவற்றில் தேறியதும் நவம்பரில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. பெரிய நிறுவனத்துக்கு வக்கீல்கள் இருந்தார்கள். சின்னச் செக்குக்காரருக்கு வக்கீல் இல்லாவிட்டாலும், அந்த நான்காவது பாகம் இருக்கிறது.

கெடு தவறினால்?

குறித்த நாளுக்குள் குறைகள் நீங்கவில்லை என்றால், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தபின் பதிவையோ உரிமத்தையோ தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அந்தக் காலத்தில் செக்கு ஓடக் கூடாது. நிறுத்திவைத்த நாளிலிருந்து 14 நாளுக்குக் குறையாத அவகாசத்தில் மறுபடி ஓர் ஆய்வுக்கு உத்தரவிடுவார்கள். அதிலும் குறை தொடர்ந்தால், காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தபின் ரத்து. ரத்தானால், எல்லாக் குறைகளையும் சரிசெய்து, மூன்று மாதம் கழித்துத்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். மூன்று மாதம் என்றால் ஒரு போகம். தீபாவளியில் விட்டால் பொங்கலும் கைநழுவும்.

பொதுமக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று கருதினால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து உடனடியாகவே உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் நியமன அலுவலருக்கு உண்டு. இவை தவிர, சுகாதாரமற்ற முறையில் தயாரித்ததற்கு 1 லட்சம் ரூபாய் வரையும், அலுவலரின் உத்தரவை மதிக்காமல் இருந்ததற்கு 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வாசகர் கேள்விகள்

14 நாளில் கட்டட வேலை முடியாது. அவகாசம் கேட்கலாமா?

கேட்கலாம். 14 நாளுக்குக் குறையக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. அதிகம் கொடுக்கத் தடை இல்லை. ஆனால், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். முடித்த வேலைகளின் ஆதாரம், முடியாத வேலைக்கு மேஸ்திரி கொடுத்த மதிப்பீடு, முடிக்கும் தேதி ஆகியவற்றை இணைத்தால் கோரிக்கைக்கு வலு இருக்கும். அவகாசம் கொடுப்பது நியமன அலுவலரின் முடிவு. பதில் வரும் வரை வேலையை நிறுத்தக் கூடாது.

நோட்டீஸில் எழுதியிருக்கும் குறை எங்கள் இடத்தில் இல்லவே இல்லை. என்ன செய்வது?

மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். கெடுவில் இரண்டு தேதிகளைக் கவனிக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாள், நோட்டீஸில் குறித்த கெடு இரண்டில் எது முந்தி முடிகிறதோ, அதற்குள் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும். 14 நாள் கெடு என்றால் 14 நாள்தான். சான்று மறுப்பு, உரிம நிறுத்தம், ரத்து ஆகியவற்றுக்கு 15 நாள். ஆணையரின் முடிவே இறுதி என்று சட்டப்பிரிவு சொல்கிறது. சின்னக் குறை என்றால், வழக்காடும் நேரத்தில் சரிசெய்துவிட்டு மறு ஆய்வு கேட்பதே லாபம்.

மறு ஆய்வுக்கு வருபவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

ஆய்வுக்கு வருபவர் கையில் கொடுக்க வேண்டிய கட்டணம் என்று எதுவும் சட்டத்தில் இல்லை. அரசுக்குச் செலுத்தும் எதற்கும் ரசீது உண்டு. கையூட்டுக் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் செய்யலாம். நியாயமான காரணம் இல்லாமல் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு பொருளைப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 39-வது பிரிவு இருக்கிறது. அதே பிரிவின்படி, பொய்ப்புகார் கொடுப்பவருக்கும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் உண்டு. உண்மை இருந்தால் மட்டும் புகாருக்குப் போக வேண்டும்.

தொழில்நுட்ப ஆலோசனை எங்கே கிடைக்கும்?

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். மதிப்புக் கூட்டல் குறித்துத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் பயிற்சி தருகிறது. உரிமம் தொடர்பான சந்தேகங்களுக்கு ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800112100.

கடைசியாக ஒரு கணக்கு

உதாரணக் குடும்பத்துக்கே திரும்புவோம். மூடி, வலை, பலகைக் கட்டு, பரிசோதனைக் கட்டணம், புது லேபிள் என்று சில ஆயிரம் ரூபாய் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. ஆனால், அத்தனையும் செய்துவிட்டு, கடிதம் எழுதி முத்திரை வாங்கிவர ஒரு நாள் ஒதுக்காமல் விட்டால், செய்த செலவுக்கு ஆதாரம் இல்லாமல் போகும். அலுவலகக் கோப்பில் அந்த ஆறு குறைகளும் அப்படியேதான் இருக்கும்.

மறு ஆய்வு முடிந்து கைக்கு வரும் அறிக்கையைக் கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தண்ணீர்ப் பரிசோதனை ஆறு மாதத்தில். அடுத்த மருத்துவச் சான்று ஒரு வருடத்தில். இரண்டு தேதியையும் இப்போதே காலண்டரில் குறித்துவிட்டால், அடுத்த முறை ஆய்வுக்கு வருபவரைப் பார்த்து யாரும் பதற வேண்டியிருக்காது. செக்கு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.